பின் அச்சின் பற்கள்

பிரித்துப் போட்டிருப்பது 1989 ஃபோர்டு மஸ்டாங் 5.0-இன் பின் டிஃபரென்ஷியல். கிரவுன் வீலின் விட்டம் 8.8 அங்குலம், அதனால் 8.8 என்றே அதற்குப் பெயர். கியர் ஆயிலின் கந்தக நெடி துணியில், நகக்கண்ணில், சாப்பிடும் சோற்றில்கூட. எந்தெந்தப் பாகம் புதிதாகப் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. அவசரமும் இல்லை.

*

விலைப்பட்டியலைத் திறக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: வண்டி எங்கே ஓடப்போகிறது? வேலைக்குப் போய்வர. ஞாயிற்றுக்கிழமை வளைவுச் சாலைகள். எப்போதாவது கால் மைல் பந்தயத் தடம். உண்மையான பதில் இப்படித்தான் சற்றுக் கௌரவக் குறைச்சலாக இருக்கும். வாங்கும் கையோ அந்த ‘எப்போதாவது’க்காகவே வாங்கத் துடிக்கிறது.

*

தொழிற்சாலை கொடுத்த விகிதம் 2.73. பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் எண் அது. மாற்றாக 3.55, 3.73, 4.10 கிடைக்கின்றன. 26 அங்குல டயரில், ஐந்தாவது கியரில், மணிக்கு 65 மைல் வேகத்தில் எஞ்சின் 2.73-க்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,560 முறை சுற்றும், 3.73-க்கு 2,130, 4.10-க்கு 2,340. கடைசி எண் தடத்தில் இனிக்கும், மூன்று மணி நேரப் பயணத்தில் காதைத் தின்னும். 3.73 போதும்.

இந்த 3.73 என்பது 41-ஐ 11-ஆல் வகுத்தால் வருவது. கிரவுனில் 41 பல், அதைச் சுழற்றும் பினியனில் 11. இரண்டுக்கும் 1 தவிரப் பொது வகுத்தி இல்லை. எனவே பினியனின் ஒரு பல், இப்போது தொட்ட பல்லை மறுபடி தொட 41 சுற்று ஆகும். இடையில் மற்ற நாற்பதையும் தொட்டுவிட்டுத்தான் வரும். 40-க்கு 10 என்று வைத்திருந்தால், பினியனின் ஒரு பல்லில் உள்ள வடுவை எப்போதும் அதே நான்கு பற்கள்தான் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். தேய்மானத்தை எல்லாருக்கும் பங்கிட ஒரு பகா எண் போதுமாயிருக்கிறது. இதை நினைத்துக்கொண்டே வெகுநேரம் பினியனை விரலால் உருட்டிக்கொண்டிருந்தேன். வேலை ஒன்றும் நடக்கவில்லை.

கிரவுனையும் பினியனையும் ஒன்றோடொன்று உரசவிட்டு இழைத்த பிறகே ஜோடியாக விற்கிறார்கள். ஒன்றில் பல் போனால் நன்றாக இருக்கும் மற்றதும் வெளியே. பழைய கிரவுனோடு புதுப் பினியனைச் சேர்த்து ஓட்டினால் ஊளை நிச்சயம்.

*

வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாகச் சுற்ற இடம்கொடுப்பதே டிஃபரென்ஷியலின் வேலை. அந்தத் தாராளம்தான் அதன் பலவீனமும்: ஒரு சக்கரம் மணலில் ஏறினால் அது மட்டும் வெறுமனே சுழலும். ஃபோர்டின் டிராக்ஷன்-லாக், கிளட்ச் தட்டுகளாலும் எஸ் வடிவ ஸ்பிரிங்காலும் இரு சக்கரங்களையும் ஓரளவு கட்டிப்போடுகிறது. தட்டுகள் தேயும், உரிய எண்ணெய்ச் சேர்மானம் ஊற்றாவிட்டால், நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திரும்பும்போது பின்பக்கம் அதிரும். வெர்னன் கிளீஸ்மேன் 1958-இல் காப்புரிமை பெற்ற டார்சனில் பற்சக்கரங்களே அந்த வேலையைச் செய்கின்றன. அழகான பொருள். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் மற்றதற்கும் பெரிதாக எதுவும் போகாது. விலையும் அதிகம். இந்த வண்டிக்குப் புதுத் தட்டுகளோடு பழைய டிராக்ஷன்-லாக்கே. இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் ஸ்பூல் பற்றிப் பேசவே வேண்டாம். சாலையில் அது டயரைத் தின்னும்.

28 ஸ்ப்லைன் அச்சுத் தண்டுகளும் இருக்கட்டும். 225 குதிரைத்திறனுக்கும் சாலை டயருக்கும் 31 ஸ்ப்லைன் தேவையில்லை.

*

மலிவான பாகத்தில்தான் அதிகம் தயங்கினேன். பினியன் பேரிங்குகளுக்கு நடுவே உட்காரும் க்ரஷ் ஸ்லீவ், நட்டை முறுக்க முறுக்க நசுங்கி, பேரிங்குக்கு வேண்டிய இறுக்கத்தைத் தருகிறது. புதுப் பேரிங் என்றால், பினியனைச் சுற்ற 16 முதல் 29 அங்குல-பவுண்டு. தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திப் பயனில்லை. நசுங்கியது நிமிராது, புதிது போட வேண்டும். ஸ்லீவுக்குப் பதிலாகப் போடும் கெட்டியான ஸ்பேசரில் அந்தப் பயம் கிடையாது. ஆனால் சரியான கனத்தில் ஷிம் தகடு கிடைக்கும்வரை கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டும். அடிக்கடி விகிதம் மாற்றுகிறவருக்கு ஸ்பேசர். இங்கே ஸ்லீவ், அதுவும் இரண்டாக.

*

பட்டியலில் பலரும் விட்டுவிடுவது கியர்பாக்ஸில் ஸ்பீடோமீட்டர் கேபிளைச் சுற்றும் குட்டிப் பிளாஸ்டிக் கியர். 2.73-இலிருந்து 3.73-க்குப் போய், அதை மட்டும் மாற்றாமல் விட்டால் 60 மைல் வேகத்தில் முள் 82 காட்டும். அதையும் சேர்த்து எழுதிவிட்டேன்.