உயிரைப் பணயம் வைக்கும் உல்லாசம்

மலையேறுவதும், பனியில் சறுக்குவதும், காற்றுக் குடுவையை முதுகில் கட்டிக்கொண்டு கடலடியில் நீந்துவதும் இன்று பெரும் பொருட்செலவில் நடக்கும் பொழுதுபோக்குகளாகி விட்டன. மார்க்கம் இதற்கு இடந்தருகிறதா என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். ஹலால் என்றோ ஹராம் என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்பி விடலாம். ஆனால் இங்கே இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. என் உயிரை நான் எவ்வளவு தூரம் பணயம் வைக்கலாம் என்பது ஒன்று. என் பக்கத்தில் இன்னொருவன் உயிருக்குப் போராடினால் என் கடமை என்ன என்பது மற்றொன்று. எல்லோரும் முதலாவதைப் பற்றியே பேசுகிறார்கள், கடினமானது இரண்டாவதுதான்.

முதலாவதைச் சுருக்கமாகப் பார்ப்போம். உடலுரத்தை மார்க்கம் வெறுக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தை நோக்கும்படி திருமறை ஏவுகிறது. நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்வதையும் அதே திருமறை தடுக்கிறது. தடுப்புச் சுவரில்லாத மாடியில் உறங்குபவனுக்கு எந்தப் பாதுகாப்புப் பொறுப்பும் இல்லை என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது. மாடியில் உறங்குவது குற்றமல்ல. சுவரில்லாமல் உறங்குவதே குற்றம். கடலில் மூழ்குபவன் விரைந்து மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி அவனை முடமாக்கும், கொல்லவும் செய்யும். பயிற்சி, துணை, மெதுவாக மேலேறும் ஒழுங்கு இவையே அவனுக்குச் சுவர்.

தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பில் கடுங்குளிர் இரவொன்றில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்புக் கடமையாயிற்று. குளித்தால் இறந்து விடுவோமென அஞ்சித் தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழ வைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்து, காரணத்தைக் கேட்டுச் சிரித்தார்கள், வேறெதுவும் சொல்லவில்லை. கடமையான குளிப்பிற்காகவே உயிரை ஆபத்தில் விட வேண்டியதில்லை என்றால், விளையாட்டிற்காக விடலாமா?

இனி இரண்டாவது கேள்வி. எவரெஸ்டின் உயரம் 8,848 மீட்டருக்குச் சற்று மேல். 8,000 மீட்டருக்கு மேலே காற்றிலுள்ள ஆக்சிஜன் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். 2006 மே மாதம் டேவிட் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் உச்சியிலிருந்து சற்றுக் கீழே ஒரு பாறைக் குகையருகே குளிரில் விறைத்துக் கிடந்தார். சுமார் 40 பேர் அவரைக் கடந்து போனதாகச் சொல்லப்பட்டது. சிலர் ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்தனர் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் இறந்தார். 1953-ல் டென்சிங்குடன் முதன்முதலில் உச்சியை அடைந்த ஹில்லாரியே இதைக் கடுமையாகக் கண்டித்தார்.

அதே மாதம், சில நாள் கழித்து, அதே மலை. லிங்கன் ஹால் என்ற ஆஸ்திரேலியர் இறந்து விட்டார் என்று கைவிடப்பட்டார். மறுநாள் காலை டான் மேசூர் என்பவரின் குழு அவரை உயிரோடு கண்டது. குழுவினர் நால்வரும் கண்ணெதிரே இருந்த உச்சியை விட்டுவிட்டு அவரோடு நின்றார்கள். பிறகு ஷெர்பாக்கள் அவரைக் கீழே கொண்டு வந்தார்கள். அவர் பிழைத்துக் கொண்டார்.

இருவர் நிலையும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஹாலால் பேச முடிந்தது, ஷார்பால் எழுந்து நிற்கவும் இயலவில்லை. அவ்வளவு உயரத்தில் ஒரு மனிதனைச் சுமந்திறங்குவது ஏறத்தாழ இயலாத காரியம். சக்திக்கு மீறியதை ஷரீஅத் யார் மீதும் சுமத்தாது. ஆனால் 'சக்தியில்லை' என்று யார் சொல்வது? உச்சிக்குப் போய்த் திரும்பும் அளவுக்குக் காலில் வலுவும் குடுவையில் ஆக்சிஜனும் வைத்திருப்பவன் அல்லவா சொல்கிறான்! தொழுகையில் நிற்பவன் நீரில் மூழ்குபவனைக் கண்டால் தொழுகையை முறித்துவிட்டுக் காப்பாற்ற வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள், ரமளான் நோன்பை விட்டால்தான் காப்பாற்ற முடியுமென்றால் நோன்பையும் விடச் சொல்கிறார்கள். தொழுகைக்குக் களா உண்டு, போன உயிருக்கு ஏது களா? தொழுகையே வழிவிடும் இடத்தில் ஒரு சிகரம் வழிவிடக் கூடாதா? தன்னால் காப்பாற்றவே இயலாதிருந்தாலும், பக்கத்தில் அமர்வதற்கும் கீழே செய்தி அனுப்புவதற்கும் இயலுமே.

கூலிக்கு ஏறுகிறவர்களின் கணக்கு வேறு. கீழக்கரைச் சகோதரர்கள் தலைமுறை தலைமுறையாக முத்துக்கும் சங்குக்கும் மூழ்கியிருக்கிறார்கள். அது ரிஸ்க் தேடுதல், விளையாட்டல்ல. எவரெஸ்டின் ஷெர்பாக்களும் அப்படியே. பணம் கொடுத்து வருபவர் சில முறை கடக்கும் கும்பு பனிப்பாறைப் பகுதியை அவர்கள் சுமையோடு பல முறை கடக்க வேண்டும். 2014 ஏப்ரல் 18 அன்று அங்கே சரிந்த பனியில் இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். குடும்பத்துக்கு 40,000 ரூபாய் என அந்நாட்டு அரசு முதலில் அறிவித்தது. ஷெர்பாக்கள் கொதித்தெழுந்தார்கள், நேபாளப் பக்கத்தில் அவ்வாண்டு மலையேற்றம் ஏறக்குறைய நின்றே போயிற்று. தன் உல்லாசத்தின் ஆபத்தைப் பணம் கொடுத்து இன்னொருவன் தலையில் ஏற்றுவது கூடுமா என்ற மஸ்அலாவை, மலையேறப் புறப்படும் வாலிபர்கள் யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.