கயிறு யார் கையில்

தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். கல்லின் கனத்தில் கடலுக்குள் இறங்குபவருக்குத் துணை அவருடைய மூச்சு. மேலே தோணியில் கயிறு பிடிப்பவர் வேறு ஆள். அது மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தங்கையின் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டாராம்.

*

தூத்துக்குடியின் பனிமய மாதாவின் பேரைச் சுமந்த பிள்ளை, பாடகர் ஜே.பி. சந்திரபாபு. 1927 ஆகஸ்டில் இந்த ஊரில் பிறந்தார். அப்பா விடுதலைப் போராட்டக்காரர், பத்திரிகை நடத்தியவர். குடும்பம் கொழும்புக்குப் போக நேர்ந்தது. 1943இல் சென்னைக்கு வந்தார்கள். மேற்கத்தியப் பாட்டு அவர் தொண்டையில் ஒட்டிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு எந்தப் பாட்டும் அந்நியமில்லை.

*

அவருடைய யோட்லிங்கைக் கவனித்துக் கேட்க வேண்டும். நெஞ்சிலிருந்து வரும் குரல் சட்டென்று உடைந்து உச்சிக்குத் தாவும். கர்நாடக சங்கீதத்தில் கமகம் ஒரு சுரத்தை அடுத்த சுரத்தோடு இழைத்துவிடும். இவரோ உடையும் இடத்தையே ரசிக்க வைத்தார்.

*

1954இல் வந்த 'பெண்' படத்தில் இவர் பாட, திரையில் வாயசைத்தவர் எஸ். பாலசந்தர். அவரும் 1927இல் பிறந்தவர்தான். குரு இல்லாமல் வீணை கற்ற அந்தச் சங்கீதக்காரர், அதே ஆண்டு பாட்டே இல்லாத 'அந்த நாள்' படத்தை இயக்கினார். பாட்டுக்காரருக்குத்தான் பாட்டை நிறுத்தும் துணிச்சல் வரும் போலிருக்கிறது. பிறகு சொந்தக் கம்பெனி: 'அவனா இவன்', 'பொம்மை', 'நடு இரவில்'. தயாரிப்பு, இயக்கம், இசை எல்லாம் அவரே.

*

சொந்தமாகப் படம் எடுக்கும் ஆசை சந்திரபாபுவுக்கும் இருந்தது. எம்.ஜி.ஆரை வைத்து 'மாடி வீட்டு ஏழை' தொடங்கினார், பாதியில் நின்றது. 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' எடுத்து முடித்தார். சாவித்திரி நடித்த படம். விவிலியத்திலிருந்து எடுத்த தலைப்பு. படம் ஓடவில்லை.

பாடும்போது அவருக்கு மூச்சு போதும். படம் எடுக்க இறங்கினால் நடிகரின் கால்ஷீட், பைனான்சியர், விநியோகஸ்தர் என்று கயிறு பல கைகளில். அதில் மச்சான் ஒருவரும் இல்லை.

*

பாலசந்தருக்கு சினிமா போனாலும் வீணை இருந்தது. அதை வாசிக்க யாருடைய தேதியும் வேண்டாம். சந்திரபாபு பாடியதோ ஜி. ராமநாதன், சுப்பையா நாயுடு, லிங்கப்பா போன்றவர்கள் போட்ட மெட்டு. படம் இல்லையென்றால் மெட்டும் இல்லை. அவரைக் கவிழ்த்தது குடி என்று சுலபமாகச் சொல்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது.

*

பாலசந்தர் 1982இல் பத்மபூஷண் பெற்றார், 1990இல் காலமானார். சந்திரபாபு 1974 மார்ச் 8 அன்று, 46 வயதில் இறந்துவிட்டார். அவரைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் 'நகைச்சுவை நடிகர்' என்று ஆரம்பிக்க வேண்டாம். பாடகர் என்று ஆரம்பியுங்கள். இயக்குநர் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.