அவர்கள் புதுப்பிக்கும் உடன்படிக்கையும் நாம் மறந்த வாக்குறுதியும்



கிறீஸ்து பிறப்பு விழா முடிந்து புதுவருடம் பிறக்கும் நாட்களில், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீடுகள் சிலவற்றில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுவதுண்டு. மருமகள் கத்தோலிக்கர், மாமியார் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர். வருடத்தின் முதல் ஞாயிறன்று தமது ஆலயத்தில் உடன்படிக்கை ஆராதனை நடைபெறும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா என்று மாமியார் அன்போடு அழைக்கிறார். போகலாமா? போனால் அவர்களோடு சேர்ந்து பாடலாமா? அங்கே திருவிருந்து வழங்கப்படும்போது என்ன செய்வது? போகாவிட்டால் வீட்டில் மனக்கசப்பு. போனால் மனச்சாட்சியில் ஒரு நெருடல். பங்குச் சுவாமியிடம் கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். அந்த முடிவு சிலவேளை அளவுக்கு மீறிய அச்சமாகவும், சிலவேளை அளவுக்கு மீறிய தாராளமாகவும் அமைந்துவிடுகிறது.

எனவே முதலில் திருச்சபையின் போதனையைத் தெளிவாக அறிந்துகொள்வோம். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, கத்தோலிக்கர் பிற சபைகளின் வழிபாடுகளில் ஈடுபாட்டோடு பங்குபற்றுவதைத் தடைசெய்திருந்தது. திருமணம், மரணச்சடங்கு போன்றவற்றுக்கு மரியாதையின் பொருட்டுச் சென்று சும்மா இருக்க மட்டுமே, அதுவும் தக்க காரணத்தோடு, இடமிருந்தது. நமது பாட்டன் பாட்டிமார் அயலிலிருந்த புரட்டஸ்தாந்து ஆலயத்தின் வாசலைக்கூட மிதிக்க அஞ்சியதற்கு இதுவே காரணம். 1964 நவம்பர் 21இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கிறீஸ்தவ ஒன்றிப்புப் பற்றிய தனது ஏட்டை வெளியிட்டபோது புதிய வழி திறந்தது. 1993ஆம் ஆண்டின் ஒன்றிப்பு வழிகாட்டி நூல் இதனை மேலும் விளக்கியது. இதன்படி, பிற கிறீஸ்தவ சபைகளின் ஆராதனைக்குச் செல்லும் கத்தோலிக்கர் அங்கே பாடப்படும் சங்கீதங்களிலும் கீதங்களிலும், சொல்லப்படும் பதிலுரைகளிலும் சேர்ந்துகொள்ளலாம். அவ்வாறு சேர்ந்துகொள்ள ஊக்குவிக்கவும் படுகின்றனர். அங்கே வழங்கப்படும் திருவிருந்தில் மட்டும் பங்குகொள்ள முடியாது. ஞாயிறு திருப்பலிக் கடமையும் அதனால் நிறைவேறிவிடுவதில்லை. காலையில் மாமியாரோடு அவரது ஆலயத்துக்குச் செல்பவர், முதல்நாள் மாலையிலோ அன்றைய வேறொரு வேளையிலோ திருப்பலி காண வேண்டும்.

அங்கே நடைபெறுபவை நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. பெரிய வெள்ளியன்று அங்கிலிக்கன், மெதடிஸ்த ஆலயங்களில் நண்பகல் தொடக்கம் மூன்று மணிவரை ஆண்டவரின் ஏழு திருமொழிகளைத் தியானிக்கும் ஆராதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறப்பிடம் தென்னமெரிக்காவின் லீமா நகரம். 1687இல் அந்நகரைப் பூமியதிர்ச்சி தாக்கிய பின், அலோன்சோ மெசியா என்னும் இயேசுசபைக் குருவானவர் தொடக்கிய பக்திமுயற்சியே பல நாடுகளைக் கடந்து, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலயங்களையும் சேர்ந்தது. நாம் கொடுத்தது அவர்களிடம் இருக்கிறது. அவ்வாறே, நமது பங்குகளிலும் இன்று வேதவாசகங்களோடு கரோல் கீதங்கள் பாடுகிறோம்; அந்த ஒழுங்கு 1880இல் இங்கிலாந்தின் துறூரோ என்ற ஊரில் அங்கிலிக்கன் சபையினரிடையே உருவானது. அவர்கள் கொடுத்தது நம்மிடம் இருக்கிறது. நெற்கதிரும் பூசணியும் வாழைக்குலையும் பீடத்தின் முன் குவிய, பின்னர் ஏலம் கூறும் குரல் முற்றத்தில் கேட்கும் அறுவடை விழாவைப் பார்த்துச் சிரிக்கும் கத்தோலிக்கரும் உண்டு. விளைச்சலின் முதற்பலனை ஆண்டவருக்குக் கொடுக்க வேண்டுமென்று பழைய ஏற்பாடு கற்பித்ததை அவர்கள் செய்கிறார்கள். நாம் செய்கிறோமா என்பதே கேள்வி.

இவை எல்லாவற்றிலும் நம்மை ஆழமாகச் சிந்திக்கவைக்க வேண்டியது அந்த உடன்படிக்கை ஆராதனைதான். மெதடிஸ்த சபையின் தந்தையான யோன் வெஸ்லி, 1755 ஓகஸ்ட் 11இல் இலண்டனில் இதனை முதன்முதலாக முறையாக நடத்தினார். ஏறத்தாழ 1800 பேர் எழுந்துநின்று தம்மைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தனர். 1814இல் மெதடிஸ்த மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தபோது இந்த மரபும் அவர்களோடு வந்தது. வருடத் தொடக்கத்தில் சபை முழுவதும் கூடி, கடவுள் தம்மை எந்த வேலைக்கு வைத்தாலும், உயர்த்தினாலும் தாழ்த்தினாலும், நிறைவு தந்தாலும் குறைவு தந்தாலும், தம்மை முழுவதும் அவருடைய சித்தத்துக்குக் கையளிப்பதாக வாய்திறந்து அறிக்கையிடுகிறது. இதில் கத்தோலிக்க விசுவாசத்துக்கு முரணானது எதுவுமில்லை. அர்ச். இஞ்ஞாசியார் தமது ஞான ஒடுக்கத்தில் நம்மைச் சொல்லவைக்கும் அர்ப்பணச் செபத்தின் பொருளும் இதுவே.

வாசகர்களே, இப்போது நம்மை நாமே கேட்டுப்பார்ப்போம். நமக்கும் அப்படியொரு நாள் இல்லையா? உண்டு. 1951இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாஸ்கா திருவிழிப்பைப் புதுப்பித்தபோது, ஞானஸ்நான வாக்குறுதிகளை மக்கள் அனைவரும் புதுப்பிக்கும் சடங்கை அதிலே சேர்த்தார். எரியும் திரியைக் கையில் பிடித்து நின்று, பாவத்தை விட்டுவிடுவதாகவும் பிதா, சுதன், பரிசுத்த ஆவியை விசுவசிப்பதாகவும் நாம் சொல்லுகிறோம். எப்படிச் சொல்லுகிறோம்? மெழுகு உடுப்பில் வடியுமோ என்ற கவனம் ஒருபுறம். நேரமாகிறதே என்ற அவசரம் மறுபுறம். குழந்தையாயிருக்கையில் ஞானப்பெற்றோர் நம்பொருட்டுக் கொடுத்த வாக்கை, வளர்ந்தபின் நமது சொந்த வாக்காக்கும் நேரம் அது. அதன் பாரத்தை உணர்ந்து சொல்பவர் எத்தனை பேர்? மாமியாரின் ஆலயத்துக்குச் சென்றுவரும் மருமகள், அங்கே கேட்ட வார்த்தைகளை நெஞ்சில் சுமந்துவந்து, அடுத்த பாஸ்கா இரவில் தனது வாக்குறுதியை முழுமனதோடு சொல்வாளாயின், அவள் அங்கே போனது வீணல்ல.

தண்ணீராலும் திரித்துவத்தின் திருநாமத்தாலும் அவர்கள் பெற்ற ஞானஸ்நானத்தைத் திருச்சபை உண்மையான ஞானஸ்நானமாக ஏற்கிறது. மனிதன் கடவுளின் அருளாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்பதுபற்றி 1999இல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் கூட்டாக வெளியிட்ட பிரகடனத்தோடு, 2006இல் உலக மெதடிஸ்த சபைகளும் இணைந்துகொண்டன. இவ்வளவு நெருங்கி வந்திருக்கிறோம்.

ஆயினும் உடன்படிக்கை ஆராதனை பெரும்பாலும் திருவிருந்தோடுதான் நிறைவுபெறும். மாமியார் எழுந்து முன்னே செல்கிறார். மருமகள் இருக்கையிலேயே இருக்கிறாள். “அப்பம்மாவோடு நாங்கள் ஏன் போகவில்லை?” என்று பக்கத்திலிருக்கும் பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியை அதட்டி அடக்காதீர்கள். நற்கருணை நமது விசுவாச ஒற்றுமையின் அடையாளம். அந்த ஒற்றுமை இன்னும் நிறைவடையவில்லை. நிறைவடையாததை நிறைவடைந்ததுபோலக் காட்டுவது உண்மைக்கு மாறானது என்று பிள்ளைக்கு விளங்கும் சொற்களில் எடுத்துச்சொல்லுங்கள். அது வேதனை தருகிறது என்றும் சொல்லுங்கள். அந்த வேதனையை உணராத கத்தோலிக்கன், பாடுகளுக்கு முந்திய இரவில் தம்முடையோர் யாவரும் ஒன்றாயிருக்கும்படி பிதாவிடம் மன்றாடிய ஆண்டவரின் நெஞ்சை இன்னும் அறியவில்லை. அந்த நேரத்தில் இருக்கையிலிருந்தபடியே மாமியாருக்காக ஒரு செபம் சொல்வது, மருமகள் அவருக்குச் செய்யக்கூடிய சிறந்த உபகாரம்.

அவர்கள் நமது கோயிலுக்கு வரும்போதும் இதே கண்ணியம் வேண்டும். நற்கருணை வாங்க எழும்பாதவரைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், “எப்போது எங்கள் பக்கம் வருகிறீர்கள்?” என்று பகிடியாகக் கேட்பதும் கிறீஸ்தவப் பண்பல்ல. போர்க்கால இடப்பெயர்வுகளில் கோயில் விறாந்தைகளில் பாய்விரித்துப் படுத்த நாட்களில் நாம் ஒருவரையொருவர் சபை கேட்டுப் பிரித்தோமா?

வருடந்தோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறீஸ்தவ ஒன்றிப்புச் செபவாரம். 1908இல் தொடங்கிய இந்தச் செபமுயற்சிக்கான செபங்களை, 1968 முதல் கத்தோலிக்கரும் பிற சபைகளும் சேர்ந்தே தயாரித்து வெளியிடுகின்றனர். அந்த எட்டு நாட்களிலும் குடும்பச் செபமாலையின் முடிவில், உங்கள் அயலிலுள்ள புரட்டஸ்தாந்து ஆலயத்தையும் அதன் போதகரையும் குறிப்பிட்டு ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். கலப்புத் திருமணக் குடும்பங்களில் இருவீட்டாரும் ஓரிரவாவது ஒன்றாக அமர்ந்து அதனைச் சொல்லட்டும். ஒரே பிதாவைப் “பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே” என்று ஒரே குரலில் அழைக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரே பீடத்தண்டையில் நாம் கூடும் நாளை ஆண்டவர் தமது வேளையில் அருள்வாராக.