முப்பது ரூபாய் உயிர்

உங்கள் வீட்டில் மீன்தொட்டி இருந்தால் அதில் அநேகமாக ஒரு 'சக்கர்' இருக்கும். கறுப்பாக, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு, ஃபில்டருக்குப் பின்னால். கடைக்காரர் கோல்ட்ஃபிஷ்ஷைப் பையில் போட்டுக் கட்டும்போது, 'இதையும் போடுங்க சார், தொட்டியை கிளீன் பண்ணிடும்' என்று சேர்த்துக் கொடுத்திருப்பார். கெளுத்தி இனம்தான். பூர்வீகம் தென் அமெரிக்க ஆறுகள். நம் வீட்டில் துப்புரவுப் பணி. விலை முப்பது ரூபாய்.

போன டிசம்பர் குளிரில் எங்கள் தொட்டிக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. கோல்ட்ஃபிஷ் மேல் ரவை தூவியது மாதிரி புள்ளிகள். முதல் நாளே வீடே கூடிவிட்டது. என் மகள் அதற்குப் பெயரெல்லாம் வைத்திருந்தாள். சக்கருக்கும் புள்ளி வந்திருந்ததை மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தோம். துடுப்பை மடக்கிக்கொண்டு, செவுள் படபடக்க, மூலையில் கிடந்தது. கத்துகிற பிராணியாக இருந்தால் கேட்டிருக்கும். மீனுக்கு அந்த வசதி இல்லை.

மீனுக்கு வலிக்குமா என்று கேட்பீர்கள். 2003-ல் பிரிட்டனில் லின் ஸ்னெடனும் சகாக்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலத்தை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள். அவை உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன, நெடுநேரம் சாப்பிடவில்லை. மார்ஃபின் கொடுத்ததும் தேய்ப்பது குறைந்தது. வலியை உணர மீனுக்கு மூளையே போதாது என்று மறுக்கும் விஞ்ஞானிகளும் உண்டு. சண்டை முடியவில்லை. அது முடிகிறவரை தொட்டி காத்திருக்காதே!

மருந்து வாங்கினேன். புட்டியின் லேபிளில் பொடி எழுத்தில், கெளுத்தி இனங்களுக்குப் பாதி அளவுதான் போட வேண்டும் என்றிருந்தது. சாதாரண மீன் தாங்குகிற டோஸ் இவற்றுக்கு விஷமாகிவிடலாம். ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். யாருக்கு ஏற்ற அளவில் போடுவது?

'பேசாம ஃபுல்லா ஊத்துங்க. போனா இன்னொரு முப்பது ரூபாய்' என்றார் நண்பர். கணக்கு சரி. மருந்தே நூற்றியிருபது ரூபாய். ஆனால் இந்தக் கணக்கை நாம் எங்கே நிறுத்துவோம் சொல்லுங்கள். நாய்க்குட்டியிடமா? கன்றிடமா? வாங்கின விலையைவிட வைத்தியச் செலவு அதிகம் என்றால் விட்டுவிடலாம் என்பது மிக்ஸிக்குப் பொருந்தும்.

பாதி அளவே போட்டேன். தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றினேன், குளோரின் நீக்கித்தான். ஃபில்டரிலிருந்த கரியை எடுத்தேன், இல்லாவிட்டால் மருந்தை அதுவே உறிஞ்சிவிடும். புள்ளி மறைந்த பிறகும் சில நாள் நிறுத்தக்கூடாது. தோலுக்குள் இருக்கும் கிருமியை மருந்து தொடாது. வெளியே வந்து நீந்தும்போதுதான் கொல்லும்.

அப்போதுதான் ஒரு ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சக்கரின் வயிறு தெரிந்தது. உள்ளே குழிந்திருந்தது. பசி! மற்ற மீன்களின் மிச்சத்தையும் கழிவையும் தின்று வாழும் என்று நம்பி ஒரு வருஷமாக அதற்கென்று எதுவும் போட்டதில்லை. கழிவை அது தின்பதே இல்லையாம். பாசியும் காய்கறியும்தான் சாப்பாடு. தொட்டியில் பாசி எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. நோய்க்கு மருந்து தேடினேனே தவிர, சாப்பிட்டதா என்று ஒருநாளும் கேட்கவில்லை. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவிடமும் இதை எத்தனை நாள் கேட்டிருக்கிறோம் என்று தோன்றியது. அது வேறு கட்டுரை.

ஐந்தாம் நாள் காலையில் கோல்ட்ஃபிஷ் செத்து மிதந்தது.

'ஃபுல் மருந்து போட்டிருந்தா பொழைச்சிருக்குமாப்பா?' என்றாள் மகள்.

பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். அவளிடம் இதையேதான் சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி லைட்டை அணைத்த பிறகு, வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, மிதக்காமலிருக்க ஒரு ஸ்பூனில் செருகி, தொட்டிக்குள் அவளே இறக்கினாள்.