249 கிராம் பார்வை

2019-இல் டிஜேஐ நிறுவனம் மேவிக் மினி என்ற குட்டி ட்ரோனைக் கொண்டுவந்தபோது அதன் எடை 249 கிராம். ஜப்பானில் விற்றதற்கு மட்டும் 199. அப்போது 200 கிராமுக்குக் குறைந்த ட்ரோன்களை அந்நாட்டு விமானச் சட்டம் பெரிதாகக் கண்டுகொள்ளாது. அதற்காகச் சின்ன பேட்டரியைப் போட்டார்கள். அரை மணி நேரம் பறக்க வேண்டியது பதினெட்டு நிமிடத்தில் இறங்கியது. 2022 ஜூனில் ஜப்பான் அந்த எல்லையை 100 கிராமாகக் குறைத்ததும், அதே ட்ரோன் சட்டத்தின் பிடிக்குள் வந்துவிட்டது. அதன் கேமரா என்னவோ முதல் நாள் பார்த்ததைத்தான் மறுநாளும் பார்த்தது.

இந்தியாவிலும் கிராம் கணக்குதான். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை ‘நானோ’. பறக்கவிட பைலட் உரிமம் வேண்டாம். அதனால் வாங்க வருபவர் முதலில் எடையைக் கேட்கிறார். கேமரா ஆடாமல் தாங்கும் மூன்று அச்சு கிம்பல் உண்டா, காற்றடித்தால் நிற்குமா, சிக்னல் அறுந்தால் கிளம்பிய இடத்துக்கே திரும்புமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கேட்க வேண்டிய கேள்விகள்தான் எல்லாம். ஆனால் எடை சொல்வது, தலையில் விழுந்தால் எவ்வளவு அடிபடும் என்பதை. யார் வீட்டு மொட்டை மாடி ஃப்ரேமுக்குள் வருகிறது என்பதை எந்தத் தராசில் வைப்பது?

பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர், 1943-இல் வெளியான ‘இருப்பும் இன்மையும்’ நூலில், ஒருவனைச் சாவித் துவாரத்தில் கண் வைத்து நிற்கவைக்கிறார். உள்ளே நடப்பதில் மூழ்கியிருக்கும்வரை அவனுக்குத் தன் நினைப்பே இல்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. அந்த நொடியில் உடம்பு கூசிப்போகிறான். ஒளிந்து பார்க்கும்போது வராத வெட்கம், தான் பார்க்கப்படும்போது வருகிறது. ட்ரோன் ஓட்டுபவரோ எங்கோ நிற்கிறார். கையில் ரிமோட், கண் திரையில். கீழே உள்ளவர் அண்ணாந்து முறைத்தாலும் அந்த முறைப்பு லென்ஸோடு நின்றுவிடும். ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் காலடி கேட்க வழியில்லை.

2020 ஏப்ரல் ஊரடங்கில் திருப்பூர் போலீஸ் எடுத்த ட்ரோன் வீடியோ பலருக்கு நினைவிருக்கும். கேரம் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்கள் தலைக்கு மேல் சத்தம் கேட்டுச் சிதறி ஓடுகிறார்கள். ஒருவர் கேரம் போர்டையே கேடயமாக்கிக்கொண்டு ஓடுகிறார். நாடே சிரித்தது. ஊரடங்கை மீறியது தப்புதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காட்சியில் கூச்சம் முழுக்கத் தரையில்தான் இருந்தது. வானத்தில் துளியும் இல்லை.

யார் எதைப் பார்க்கலாம் என்பதை மதங்கள் சட்டத்துக்கு முன்பே யோசித்திருக்கின்றன. திருமலையில் கருவறைக் கோபுரமான ஆனந்த நிலையத்துக்கு மேல் எதுவும் பறக்கக் கூடாது என்பது ஆகம வழி வந்த நம்பிக்கை; மலைக்கு ட்ரோன் கொண்டுபோகவே தடை. 2023 ஜனவரியில் கோயிலை மேலிருந்து காட்டும் வீடியோ ஒன்று இணையத்தில் பரவி, பெரிய சர்ச்சையானது. அதே சமயம், 2025 ஜூலை 7 அன்று திருச்செந்தூர் குடமுழுக்கில் பக்தர்கள் மேல் புனித நீரைத் தெளித்ததும் ட்ரோன்கள்தான். இதை முரண்பாடு என்று கேலி செய்வது சுலபம். ஆனால் திருச்செந்தூரில் பறந்தவை கோயில் கூப்பிட்டு வந்தவை.

ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் விஷயம் இன்னும் நுட்பமானது. அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்கு அந்தப் பாறையின் சில பகுதிகள் வேதத்துக்குச் சமம். நேரில் போய்ப் பார்க்கலாம், படம் எடுக்கக் கூடாது. அங்கே இருப்பதை அங்கேயே பார்க்க வேண்டும். பார்ப்பதில் தோஷமில்லை, பார்த்ததை எடுத்துக்கொண்டு போவதில்தான் தோஷம். அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடவும் அந்தப் பூங்காவில் தடை. கேமரா ட்ரோன் இருப்பதே எடுத்துக்கொண்டு போவதற்குத்தான் என்னும்போது, அனங்கு மக்களின் இந்தப் பாகுபாடு சார்த்தரைவிட ஒரு படி மேலே போகிறது.

நம் ஊர்க் கல்யாணங்களில் ஹெலிகேம் இல்லாத பேக்கேஜ் குறைந்துவருகிறது. மண்டப வாசலில் மாப்பிள்ளை காரை விட்டு இறங்கும்போது, பக்கத்து மாடியில் வடகம் காயவைக்கும் அம்மாவும் ஆல்பத்தில் சேர்ந்துவிடுகிறார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் சொன்னது அவருக்கும் சேர்த்துத்தான். அவருக்கு இப்போதைக்குக் கிடைக்கும் ஒரே அறிவிப்பு, விசிறிகளின் ‘ஙொய்’ என்ற இரைச்சல்.

கம்பெனிகள் அதையும் குறைக்கப் பார்க்கின்றன. 2017-இல் வந்த மேவிக் ப்ரோ பிளாட்டினம், இரைச்சலை 4 டெசிபல் வரை குறைப்பதாகச் சொல்லி விற்கப்பட்டது. சத்தம் குறைவது நல்லதுதான், குருவிகளுக்கும் காதுக்கும். ஆனால் கிளப்புவதற்கு முன் பக்கத்து மாடிக்கு ஒரு குரல் கொடுக்கும் பழக்கம் ஹெலிகேம்காரர்களுக்கு வரும்வரை, சத்தம் போடும் மாடலே தேவலை.