ஐம்பத்தெட்டு வயது வரை

2016 ஏப்ரல் 18, திங்கட்கிழமை. பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் தையல் இயந்திரங்களை நிறுத்திவிட்டு ஓசூர் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். எந்தப் பெரிய தொழிற்சங்கமும் அழைப்பு விடுக்கவில்லை. முன்னால் நின்று வழிநடத்தத் தலைவர் என்று யாரும் இல்லை. மறுநாள் அது நகரத்தின் மறுகோடியில் பீன்யா, ஜாலஹள்ளி வரைக்கும் பரவி, துமகூரு சாலையும் நின்றது. ஹெப்பகோடி காவல் நிலையம் தாக்கப்பட்டது, பேருந்துகள் எரிந்தன, தடியடியும் கண்ணீர்ப் புகையும் நடந்தன. அன்று மாலையே மத்திய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா, பிப்ரவரி 10-ஆம் தேதி வெளியிட்ட வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) அறிவிக்கையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். இரண்டே நாளில், கோரிக்கை மனுகூட எழுதாத பெண்கள் ஒரு மத்திய அரசு விதியை மாற்றவைத்தார்கள்.

அந்த விதி என்னதான் சொன்னது? வேலையை விட்டு இரண்டு மாதம் வேறு வேலையில் சேராமல் இருந்தால் பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதுவரை இருந்தது. இனிமேல் தொழிலாளி கட்டிய பங்கும் அதன் வட்டியும்தான் கைக்கு வரும், முதலாளி கட்டிய பங்கு 58 வயதில்தான் என்றது புதிய அறிவிக்கை. முதலாளி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும். மிச்சம் 3.67 சதவீதம்தான் பி.எஃப். அன்றைக்கு ஒரு பெண்ணின் மாதச் சம்பளம் ஏழாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அரசு பூட்டி வைக்கப் பார்த்த தொகை மாதம் 257 ரூபாய். ஐந்து வருடத்துக்கு வட்டியோடு சேர்த்துப் பத்தொன்பதாயிரம் வரும்.

“இவங்களுக்குச் சேமிப்போட அருமையே தெரியலையே, இவங்க நல்லதுக்குத்தானே கவர்ன்மென்ட் சொல்லுது” என்ற பேச்சை அந்த வாரம் நான் பல இடங்களில் கேட்டேன். படித்தவர்கள், மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள், கெட்ட எண்ணம் இல்லாதவர்கள்தான் அப்படிப் பேசினார்கள். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கும் அந்த வாதம் அந்நியமானதில்லை. முதுமைக்கான பணத்தைக் கை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்றுதான் ஓய்வூதியம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 58 வயது வரை அந்தப் பெண்களை யார் வேலையில் வைத்திருக்கப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு தையல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மணிக்கு இத்தனை உருப்படி என்று டார்கெட் உண்டு. காலர் தைப்பவர் காலரையே தைப்பார், நாள் முழுக்க, வருடம் முழுக்க. முப்பத்தெட்டு, நாற்பது வயதில் பார்வை மங்கத் தொடங்கும். ஊசியில் நூல் கோக்கக் கையைத் தள்ளிப் பிடிக்க வேண்டிவரும். இடுப்பு வலி அதற்கு முன்பே வந்திருக்கும். டார்கெட் குறைந்தால் சூப்பர்வைசரின் ஏச்சு. நாற்பத்தைந்தைத் தாண்டி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருவரும் வெளியே போ என்று சொல்வதில்லை, இருக்கவும் முடிவதில்லை. அவர்களுடைய பணிக்காலம் நாற்பத்திரண்டு வயதில் முடிந்தால், ஓய்வூதியத்தின் கடிகாரம் ஐம்பத்தெட்டில் நிற்கிறது. நடுவில் இருக்கும் பதினாறு வருடத்துக்கு எந்தத் திட்டத்திலும் பெயர் கிடையாது.

பொம்மனஹள்ளியில் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த சாலைக்கு மேலே ஓடுகிறது எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் மேம்பாலம். 2010-இல் திறந்தது. அதில் காரில் போகிற கணிப்பொறிப் பிள்ளைகள் சிலர் நாற்பத்தைந்து வயதில் ஓய்வு பெறப்போவதாகத் திட்டம் போடுகிறார்கள். மாதச் செலவை முந்நூறால் பெருக்கிச் சேர்த்துவிட்டால் போதும் என்று என்னிடமே ஒருவர் விளக்கியிருக்கிறார். நல்ல திட்டம்தான், கணக்கும் சரிதான். கீழே இருந்தவர்களும் ஏறத்தாழ அதே வயதில்தான் ஓய்வு பெறுகிறார்கள். ஒரே சாலையின் இரண்டு தளங்களில் ஒரே வயது ஒருவருக்குச் சாதனையாகவும் மற்றவருக்குத் தலைவலியாகவும் இருப்பதை நினைக்கும்போதெல்லாம், ‘ஓய்வுக்காலத் திட்டமிடல்’ பற்றிய நம் பேச்சு எவ்வளவு சிறிய ஒரு கூட்டத்துக்காக நடக்கிறது என்று வருத்தமாக இருக்கிறது.

எங்கள் வீதியில் தருமபுரிப் பக்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். ஒன்பது வருடத்துக்கு மேல் ஒரே கார்மெண்ட்ஸில் வேலை. ஒருநாள் வந்து, “தம்பி, ஒன்பதரை வருஷம் ஆகறதுக்குள்ள நின்னுடணும்னு எல்லாரும் சொல்றாங்க, நெஜமா?” என்று கேட்டார். நிஜம்தான். ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995-இல் வந்தது. பத்து ஆண்டுப் பணிக்காலம் இருந்தால்தான் அதில் மாத ஓய்வூதியம். ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆனால் ஒரு முழு ஆண்டு என்று கணக்கு வைப்பதால், ஒன்பதரை ஆண்டே பத்தாகிவிடும். அதைத் தொட்டுவிட்டால் ஓய்வூதியப் பங்கை மொத்தமாக எடுக்க முடியாது. சான்றிதழ் ஒன்றைத் தருவார்கள், முழு ஓய்வூதியத்துக்கு 58 வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆக, நீண்ட கால உழைப்புக்குப் பரிசாக வைத்த விதியே, அந்த எல்லைக்குச் சில மாதம் முன்னால் வேலையை விடச் சொல்லிப் பெண்களைத் துரத்துகிறது.

நான் அக்காவைத் தடுக்கத்தான் பார்த்தேன். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஓய்வூதியத்துக்கான சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் 12,000 என்றால் பத்தாண்டுக்கு மாதம் 1,714 ரூபாய். ஐம்பது வயதிலேயே வேண்டுமென்றால் தருவார்கள், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. 1,240-ஐ ஒட்டி நிற்கும். இப்போதே நின்று மொத்தமாக எடுத்தால் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. அக்காவுக்கு வயது 42. அந்தப் பணத்தை எட்டு சதவீத வட்டியில் அப்படியே போட்டு வைத்தால் 58 வயதில் மூன்றே முக்கால் லட்சம் ஆகியிருக்கும். அவர் காத்திருந்தால் வரப்போகும் 1,714 ரூபாயோ, பதினாறு வருட விலைவாசி ஏறிய பிறகும் அதே 1,714. இந்தத் திட்டத்தில் அகவிலைப்படி கிடையாது. வேலையை விட்ட நாளின் சம்பளக் கணக்கு அப்படியே உறைந்துவிடும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். ஆண்டுகள் பல கழிந்தும் அந்த ஆயிரம் ஆயிரமாகவே இருந்தது.

தாளைப் பார்த்தபோது, அக்கா சொல்வதை மறுக்க எனக்கு வாதம் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்துபோனால், ஒரு மாதம் மட்டும் சந்தா கட்டியிருந்தாலும் துணைக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் உண்டு. இதைப் பற்றி ஆலையில் யாரும் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டுவிட்டு, “செத்தா வரும்னு சொல்றியே, இருந்தா என்ன வரும்?” என்றார். மகள் நர்சிங் கடைசி வருடம். கட்டணம் பாக்கி. அவருடைய ஓய்வூதியத் திட்டம் அந்தப் பெண்தான்.

பிள்ளைகளை நம்பி முதுமையைத் திட்டமிடக் கூடாது என்று இப்போதெல்லாம் எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒரே தோளில் இரண்டு தலைமுறைச் சுமையை ஏற்றினால் அந்தப் பெண் தன் முதுமைக்கு என்ன சேர்ப்பாள்? ஆனாலும், காத்திருந்தால் தேய்ந்துபோகும் 1,714 ரூபாயையும், படித்து முடித்தால் அடுத்த ஆண்டே சம்பளம் வாங்கப்போகும் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அக்காவின் தேர்வை விவேகமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். 2016-இல் சாலையில் உட்கார்ந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அவர்கள் சேமிப்பை வெறுத்தவர்கள் இல்லை. சீட்டு கட்டினார்கள், குண்டுமணித் தங்கமாவது வாங்கினார்கள், மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். வேலையை விட்டதும் கிடைக்கும் பி.எஃப். பணம்தான் அவர்களுக்கு வேலையில்லாக் காலத்து நிவாரணம், மகள் கல்யாணம், மருத்துவச் செலவு. அந்த வேலைகளைச் செய்யப் போதிய வேறு ஏற்பாடு இல்லாத நாட்டில், இருக்கும் ஒன்றையும் முதுமைக்கென்று பூட்டினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

பணத்தை எடுப்பதும் லேசில் நடக்கவில்லை. அக்கா ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு பள்ளிச் சான்றிதழ் வாங்கியவர். கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் அட்டையில் கணவர் பெயரின் முதலெழுத்து. ஆதாரில் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் போய்விட்டது. ஆலையில் சேரும்போது அலுவலகத்தில் யாரோ கேட்டபடிக்கு எழுதியதில் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டும் வேறு, பிறந்த தேதியும் வேறு. ஆன்லைனில் போட்ட விண்ணப்பம் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. திருத்தத்துக்கு அப்போது ஆலையின் ஒப்புதல் வேண்டியிருந்தது. வேலையை விட்ட ஆலை, சாவகாசமாக வரச் சொன்னது. பிரவுசிங் சென்டரில் ஒவ்வொரு தடவையும் ஐம்பது, நூறு. தன் சம்பளத்தில் பிடித்த பணத்துக்குத் தான்தான் சொந்தக்காரி என்று நிரூபிக்க ஒரு பெண் இத்தனை படியேற வேண்டியிருந்தால், அந்த நிதியை இருபது வருடம் நம்பி விட்டுவை என்று எந்த வாயால் சொல்வது?

ஓய்வு பெறும் வயது இயற்கை கொடுத்ததில்லை. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1889-இல், முதியோர் காப்பீட்டைச் சட்டமாக்கியபோது வயது 70 என்று வைத்தார்கள். 1916-இல் அதை 65 ஆக்கினார்கள். அதே ஜெர்மனி 2014-இல், நாற்பத்தைந்து ஆண்டு சந்தா கட்டியவர்கள் மற்றவர்களுக்கு முன்பாகவே வெட்டு எதுவும் இல்லாமல் ஓய்வு பெறலாம் என்றது. பிரான்சில் இருபது வயதுக்கு முன்பே வேலைக்குப் போனவர்களுக்குச் சீக்கிரம் ஓய்வு பெற வழி இருக்கிறது. பதினேழு வயதில் உழைக்கத் தொடங்கிய உடம்பும் இருபத்தைந்தில் தொடங்கிய உடம்பும் ஒன்றில்லை என்பதை அந்தச் சட்டங்கள் ஒப்புக்கொள்கின்றன. நம்மிடம் 58 எல்லோருக்கும் 58. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் எனக்கும், நின்றுகொண்டே இஸ்திரி போடுபவருக்கும் அதே எண்தான். எத்தனை வயது என்று பார்ப்பதைவிட எத்தனை ஆண்டு, எந்த வேலையில் உழைத்தார் என்று பார்க்கும் விதி இங்கேயும் வர வேண்டும். வேலையை விட்ட பிறகு உறைந்து நிற்கும் சம்பளக் கணக்கு, ஓய்வூதியம் தொடங்கும் நாள்வரை விலைவாசியோடு ஏற வேண்டும். இந்த இரண்டும் வந்தால் காத்திருங்கள் என்று யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

வருவது வேறு திசையில் வருகிறது. 2025 அக்டோபரில் பி.எஃப். நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு, வேலையில் இருக்கும்போதே பணம் எடுப்பதற்கான விதிகளை எளிதாக்க முடிவு செய்தது. அதை வரவேற்கிறேன். கூடவே, கணக்கில் 25 சதவீதம் எப்போதும் இருக்க வேண்டும், வேலை போனபின் கணக்கை முடிக்க இரண்டு மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு மாதம், ஓய்வூதியப் பங்கை எடுக்க முப்பத்தாறு மாதம் என்றும் முடிவாயிற்று. வேறு வேலை கிடைக்கும் என்று நம்பக்கூடியவருக்கு மூன்று வருடம் ஒன்றுமில்லை. நாற்பத்திரண்டு வயதில் கண் மங்கி வெளியே வந்தவருக்கு அது மூன்று வருட வாடகை.

அக்கா அதற்கு முன்பே பணத்தை எடுத்துவிட்டார். கட்டணம் போக மிஞ்சியதைத் தபால் நிலையத்தில் போட்டார். அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர ஆசைப்பட்டார். நாற்பது வயதோடு அந்தக் கதவும் மூடிவிடுகிறது. மகள் சேர்ந்தாள். இருபது வயதில் சேர்ந்தால் மாதம் 248 ரூபாய், அறுபதில் மாதம் 5,000 ரூபாய் உறுதி. “அப்போ அஞ்சாயிரத்துக்கு என்னண்ணா வாங்க முடியும்?” என்று அந்தப் பெண் கேட்டாள். விலைவாசி ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏறினால், இன்றைக்கு எழுநூறு ரூபாய்க்கு வாங்குவதை அன்றைக்கு ஐயாயிரத்துக்கு வாங்கலாம். அதை அவளிடம் மறைக்கவில்லை. கட்டு, விடாமல் கட்டு, ஆனால் இதை மட்டும் நம்பி இருந்துவிடாதே, சம்பளம் ஏற ஏற இன்னொரு பக்கமும் சேர்த்துக்கொண்டே வா என்றேன். மருத்துவமனை வேலையில் சேர்ந்த முதல் மாதமே, பி.எஃப். எண்ணில் பெயரும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே ஏறியிருக்கிறதா என்று நீயே திறந்து பார், தப்பாக இருந்தால் அங்கே வேலையில் இருக்கும்போதே திருத்தி வாங்கிவிடு என்றும் சொன்னேன்.