உயரத்தின் கடன்

ஒரு கட்டடம் எவ்வளவு உயரலாம் என்று பொறியாளரைக் கேட்டால் சொல்லிவிடுவார். எவ்வளவு உயர்வது தகும் என்பதற்கு ஊரார்தாம் விடை சொல்ல வேண்டும்.

1885இல் சிகாகோவில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி பத்து மாடி அலுவலகம் கட்டியது. சுவர் சுமந்த பாரத்தில் பெரும்பகுதியை அங்கே இரும்புச் சட்டம் தாங்கியது. லிஃப்டும் முன்பே வந்திருந்தது. மனிதனுடைய முழங்காலின் வலிமைதான் மாடிக்கு எல்லை என்ற நிலை மாறிவிட்டது.

சென்னை மவுண்ட் ரோட்டிலும் உயர்ந்த அலுவலகத்துக்கு வழிகாட்டியது இன்ஷூரன்ஸ்தான். யுனைடெட் இந்தியா கம்பெனிக்காக எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1953இல் தொடங்கிய பணி அது. 1954இல் அவர் விமான விபத்தில் இறந்தார். 1956இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் அரசுடைமையாயிற்று. 1959இல் திறப்பு விழா நடந்தபோது அது எல்.ஐ.சி. கட்டடம். பிறர் ஆயுளுக்கு உறுதி சொல்லும் மாளிகையைக் கனவு கண்டவருக்கு, அதைக் கண்ணால் காண ஆயுள் இல்லை!

அதன் உயரம் சுமார் 177 அடி. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரமோ 16ஆம் நூற்றாண்டிலேயே ஏறத்தாழ 170 அடி எழுந்துவிட்டது. கோபுரம் கட்டியவர்களுக்கும் புகழாசை இருந்திருக்கும். ஆனாலும் அந்த உச்சியில் யாரும் குடியில்லை, வாடகையும் வருவதில்லை. வயல்வெளிக்கு அப்பால் வண்டியோட்டி வருகிறவனுக்கு, 'ஊர் வந்துவிட்டது' என்று சொல்வதே அதன் உத்தியோகம்.

அந்தக் காட்சி மறையக் கூடாது என்றுதான், கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டலாகாது என 1997இல் அரசாணை பிறந்தது. நல்ல ஆணைதான். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் யார்? மாசி வீதிப் பக்கம், அண்ணன் தம்பி பாகம் பிரித்த ஒன்றரை செண்ட் இடத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இடமில்லை. மேலே எழும்பலாம் என்றால் சட்டம் தடுக்கிறது. அதே வேளையில், எல்லைக்கு வெளியே மனை வைத்திருப்பவர் மாடிமேல் மாடி கட்டி வாடகை வாங்குகிறார்.

கடைக்காரருக்கு வாடிக்கையாளரைக் கூட்டி வருவதே கோபுரந்தானே என்பீர்கள். உண்மை. அவர் கோபுரத்துக்குக் கடன்பட்டவர்தாம். ஆனால் கோபுரத்தால் வாழும் ஊர் முழுவதுமே கடன்பட்டிருக்கிறது. ஊர்க் கடனை ஒரு வட்டத்துக்குள் இருப்பவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகுமா? நியூயார்க்கில் பழஞ்சின்னங்களைக் காப்பதற்காக, அவற்றின் மேல் கட்டாமல் விட்ட உயரத்தைப் பக்கத்து மனைக்காரருக்கு விற்கச் சட்டம் இடம் தருகிறது. அதைப் போலவே செய்ய வேண்டும் என்பதில்லை. வரிச் சலுகையாகவும் இருக்கலாம். விட்டுக்கொடுத்தவருக்கு ஊர் ஏதேனும் ஈடு செய்தாக வேண்டும் என்பதே முக்கியம்.

கோபுரத்தை நிமிர்ந்து பார்த்துக் கைகூப்புகிறவர்கள், சுற்றிலும் தாழ்ந்து நிற்கும் மொட்டை மாடிகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த உயரத்தில் அவற்றுக்கும் பங்குண்டு.